மோதிர விரலும் வெந்நீரும்

இதை எழுதச் சொன்னவர் டாக்டர். "என்ன நோய்னே தெரியாம இந்த வலியோட எத்தனை பேர் இருக்காங்களோ. நீங்க பட்டதை நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதுங்கம்மா" என்றார், கட்டுப் பிரித்த அன்று. விரல் குணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நோயைப் பற்றி எழுதினால் அஞ்சலையைப் பற்றியும் எழுத வேண்டும். அவளை விட்டுவிட்டு எழுதினால் அது இன்னொரு பொய். சொன்ன பொய்யே போதும் என்றாகிவிட்டது எனக்கு.

நாங்கள் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர்கள். என் மாமனார் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என் கணவர் திருச்சியில் ஒரு காலேஜ் ஆபீஸில் குமாஸ்தா. நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தின வருஷமே மாமியார் காலமாகிவிட்டார். ஆகவே முசிறியிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே அடுப்படியும் கோயிலாழ்வாரும் என் பொறுப்பாகிவிட்டன. கோயிலாழ்வார் என்றால் எங்கள் வீட்டுப் பூஜை மாடம். அதில் தலைமுறை தலைமுறையாக வருகிற சாளக்கிராமங்கள் இருக்கின்றன. மாமனார் தினமும் அவற்றுக்குத் திருமஞ்சனம் செய்வார், அதாவது நீராட்டுவார். அதற்கு வேண்டியதை எடுத்து வைப்பவள் நான். விடியற்காலம் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, கொல்லைக் கிணற்றில் புதிதாக இறைத்த தண்ணீரைச் செப்புத் தவலையில் நிரப்ப வேண்டும். வெள்ளி வட்டில்களை அதிலேயே முக்கிக் கழுவ வேண்டும். துளசியை அலம்பி, சந்தனம் அரைத்து வைக்க வேண்டும். மடியாக இருப்பவரைத் தவிர வேறு யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அது விழுப்பு, பெருமாளுக்கு ஆகாது.

அப்படித் தொடக்கூடாதவர்களில் முதல் ஆள் அஞ்சலை. கொல்லையில் பாத்திரம் தேய்க்கவும், மாட்டுக்கொட்டில் பெருக்கவும், என் கணவரும் பிள்ளையும் குளிக்க வெந்நீர் அண்டாவை நிரப்பி அடுப்பை மூட்டவும் வருவாள். கொள்ளிடக்கரையில் குடியிருந்தாள். புருஷன் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, நானும் வரச் சொன்னதில்லை.

வலி ஆரம்பித்தது நயா பைசா புதிதாக வந்த வருஷத்து மார்கழியில். தவலைக்குள் வலது கையை விட்டேன். மோதிர விரல் நகத்துக்குள் ஊசியைக் காய்ச்சி இறக்கியது போல இருந்தது. வலி முழங்கை வரை சுண்டி இழுத்தது. வட்டிலைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்டு இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. நகத்தின் அடியில் ஓர் ஓரத்தில் கடுகளவு நீலம் பூத்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். எங்கோ இடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் வரும். பனிக்காற்று பட்டால் வரும். கதவுத் தாழ்ப்பாளில் அந்த இடம் லேசாகத் தட்டினால் கண் இருட்டும். பக்கத்து விரல்களை எவ்வளவு இடித்துக்கொண்டாலும் ஒன்றுமில்லை. ராத்திரி அந்த விரலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, மார்போடு அணைத்துக்கொண்டு படுப்பேன். என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எத்தனை நாள் ஒரு மனிதர் பரிதாபப்படுவார்? "ஒரு விரலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து நான் அவரிடம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன்.

மாமனாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெருமாள் கைங்கர்யத்துக்குத் தண்ணீரில் கை வைக்க மாட்டேன் என்கிறாள் முசிறிப் பெண் என்று வீதியில் பேச்சு வரும் என்று பயம். அதைவிட, மருமகள் வந்த பிறகு ஒருநாள்கூடத் திருவாராதனப் பூஜை தாமதமானதில்லை என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எனக்கு வலிக்கிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தவள் அஞ்சலை ஒருத்திதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து எட்ட நின்றாள்.

"என்னம்மா, தண்ணில கைய வச்சதும் மூஞ்சி இப்படிப் போவுது?"

"ஒண்ணுமில்லே."

"தெனம் பாக்கறேனே. இந்தக் கைய நீட்டுங்க."

அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு, சொம்பைத் தூக்கிப் பிடித்து, என்மேல் படாமல் விரலில் மட்டும் விட்டாள். வலி அப்படியே இறங்கிப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குளிரு ஆவலை உங்க விரலுக்கு" என்றாள் அவள். பின்னால் நாலு டாக்டர்கள் கண்டுபிடிக்காததை அவள் அன்றே சொல்லிவிட்டாள்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாளிலிருந்து, மாமனார் உள்ளே ஜபத்தில் இருக்கும் சமயம் பார்த்து, அண்டாவிலிருந்து இரண்டு சொம்பு வெந்நீரைத் தவலையில் கலந்தேன். அடுப்படியில் காய்ச்சினால் அவர் கண்ணில் படும், ஏன் என்று கேட்பார். கொல்லையில் கேட்பாரில்லை. அஞ்சலை இறைத்து, அஞ்சலை தொட்டு, அஞ்சலை காய்ச்சிய தண்ணீர். வட்டில்களைக் கழுவி முடித்து, சந்தனம் அரைத்து, அவர் வந்து உட்காருவதற்குள் அது ஆறிவிடும். அவர் மந்திரம் சொல்லி அதைச் சாளக்கிராமத்தின் மேல் விடுவார். நான் பக்கத்தில் கைகூப்பி நிற்பேன்.

முதல் நாள் அஞ்சலை வாய்விட்டே கேட்டாள். "சாமித் தண்ணியாச்சேம்மா?"

"நீ உன் வேலையைப் பாரு" என்றேன் நான். என் வலியை ஆற்றியவளிடம் நான் பேசிய பேச்சு அது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மூன்றாவது வருஷத்து மார்கழியில் ஒருநாள் மாமனார் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து உட்கார்ந்துவிட்டார். தவலையில் கை வைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார்.

"கோமளா, தீர்த்தம் வெதுவெதுன்னு இருக்கே. எப்படி?"

கொல்லையில் அஞ்சலை அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது.

"அஞ்சலைதான் தெரியாம இதுல வெந்நீரைக் கொட்டியிருப்பா. நான் துளசி பறிக்கப் போயிருந்தேன்" என்றேன்.

துளசி பறிக்கப் போனது வரைக்கும் ஜோடித்து வந்தது பாருங்கள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு தடுமாற்றம் இருந்திருக்கும். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு நான் அடுப்படிக்குள் ஓடினேன். பால் அடுப்பிலேயே இல்லை. ஊதுகுழலை எடுத்து எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன், கொல்லையில் பேசுவது காதில் விழக்கூடாது என்பதற்காக. வெளியே வந்தபோது பாதி தேய்த்த பாத்திரங்கள் கிடந்தன, அஞ்சலை இல்லை.

"இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் மாமனார். தவலையைக் கவிழ்த்து, புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். மறுபடி ஸ்நானம் செய்தார். அன்று முழுவதும் உபவாசம் இருந்தார்.

நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே ஒன்றை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அஞ்சலை நினைத்திருந்தால் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். 'அம்மாதான் கலந்தாங்க' என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. என்மேல் அவ்வளவு பாசம். இந்தக் கதையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன்.

அதற்குப் பிறகு வெந்நீர் கலக்கத் துணியவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முடிந்ததை இடது கையால் செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். வலி குறையவில்லை, நாளுக்கு நாள் ஏறியது. கடைசியில் மயக்கம் போட்டு விழுந்தேன். அப்போதுதான் வைத்தியம் ஆரம்பித்தது.

முதலில் நகச்சுற்று என்று விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகினார்கள். பிறகு ஸ்ரீரங்கத்து டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். அடுத்தவர் வாதம் என்றார். இன்னொருவர் பல்லில் சீழ் இருந்தால் விரலில் வலிக்கும் என்று இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். நல்ல பற்கள். கடைசியாகப் பார்த்தவர், நரம்புத் தளர்ச்சி, மனசுதான் காரணம், இன்னொரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பிரசவம் விரலுக்கு எப்படி மருந்தாகும் என்று நான் கேட்கவில்லை.

இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இவர்களில் இரண்டு பேர், "பச்சைத் தண்ணி பட்டா அதிகமாகுதா?" என்று கேட்டார்கள். கணவருக்கு ஆபீஸ், ஆகவே ஒவ்வொரு தடவையும் கூட வந்தவர் மாமனார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று சொன்னால், அவர் தவலைத் தண்ணீரையும் அஞ்சலையையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? "இல்லை" என்றேன். இரண்டு தடவையும் இல்லை என்றேன். நோயாளி பொய் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

என் கணவரின் காலேஜில் ஒரு பாதிரியார் சொல்லி, திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சவரிமுத்து என்று ஒரு சர்ஜன் இருந்தார். அவரைப் பார்க்க ஒரு நீளக் கூடத்தில் பெஞ்சுகளில் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் பாலக்கரையிலிருந்து வந்த ஓர் அம்மாள். மடியில் கைக்குழந்தை. அதன் மணிக்கட்டில் பிறந்த கொஞ்ச நாளில் வந்ததாம், சிவப்பாக ஒரு மேடு. அது ரத்தக்குழாய்கள் கூடி வளர்ந்தது, பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இன்னொரு பக்கம் எங்கள் முசிறிப் பக்கத்து வாழைக்காய் வியாபாரி. வாழை மட்டை கீறிய இடத்தில் ஒரு சிவப்புச் சதைப் பரு முளைத்து, தொட்டால் ரத்தம் கொட்டுகிறது என்று விரலில் துணி கட்டியிருந்தார். அந்தத் துணியில் ஊறிய ரத்தத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். காட்டுவதற்கு அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது.

டாக்டர் சவரிமுத்து முதலில் என் விரலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு குண்டூசியை எடுத்தார். கூரான பக்கமாக இல்லை, உருண்டைத் தலைப் பக்கமாக. நகத்தின்மேல் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திக்கொண்டு வந்தார்.

"இங்க?"

"இல்லை."

"இங்க?"

"இல்லை."

அடுத்த நூலிழை தள்ளி அழுத்தினார். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு துல்லியமா ஓர் இடத்துல வலிக்குதுன்னா அது மனசு இல்லம்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அடுத்ததாக அவர் கேட்டார்: "பச்சைத் தண்ணில கை வச்சா எப்படி இருக்கும்?"

நான் வாயைத் திறக்கும் முன் மாமனார் முந்திக்கொண்டார். "விடியக்காலம் கிணத்துத் தீர்த்தத்துல கையை வச்சுப் பெருமாளுக்கு எடுத்து வைக்கறவ டாக்டர் இவ. மார்கழிப் பனியிலகூட ஒருநாள் முகம் சுளிச்சதில்லே."

"அப்படியாம்மா? குளிர்ச்சி ஒண்ணும் பண்றதில்லையா?"

"பண்றதில்லே" என்றேன்.

டாக்டர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுனி எலும்பில் ஒரு பக்கம் சின்னதாகக் குழி விழுந்திருந்தது. அங்கேயே தங்கச் சொன்னார்கள். மறுநாள் என் கணவரையும் மாமனாரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். அவர் மனசில் ஒரு சந்தேகம் இருந்ததாம், கெடுதல் இல்லாத ஒரு சின்னக் கட்டி. ஆனால் அந்தக் கட்டிக்குக் குளிர் அறவே ஆகாது. எனக்கோ குளிர் ஒன்றும் பண்ணுவதில்லை. அப்படியானால் எலும்பிலேயே ஏதாவது கெட்ட வியாதி இருக்கலாம். திறந்து பார்ப்பார். அப்படி இருந்தால் முதல் கணுவோடு விரல் நுனியை எடுத்துவிட வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

என் கணவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடத் தெரியாமல் மூடினார். "போனா போறது கோமளா, வலி போனா சரி" என்றார். ஒரு விரலுக்கா ஆர்ப்பாட்டம் என்று கேட்ட மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவர்கள் எனக்குச் செய்ததை எழுதத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிச் சாப்பாடு எனக்கு ஆகாது என்று மாமனார் தானே தளிகை பண்ணி, அடுக்கு டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வருவார். ஆஸ்பத்திரிக்கு வந்து போனால் தீட்டு என்று திரும்பிப் போய்த் தலையோடு குளிப்பார். அறுபத்தெட்டு வயசில் கிணற்றில் அவரே இறைத்துக்கொள்கிறார் என்று என் கணவர் சொன்னார். ரசத்தில் உப்புத் தூக்கலாக இருக்கும். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று குத்தும். விரல் போகட்டும், வாய் திறக்காதே என்று இன்னொன்று சொல்லும். இரண்டாவதைத்தான் கேட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற விரலை வெட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன் என்றால் நம்புவீர்களா? இருந்தேன்.

ஆகவே உண்மையை நானாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது. ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, கை துடைத்துவிட வந்த ஒரு புது நர்ஸ், விஷயம் தெரியாமல் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியை என் வலது கைமேல் போட்டாள். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. சிஸ்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

டாக்டர் வந்தபோது கையில் எனாமல் கிண்ணம். அதில் ஐஸ்கட்டி. மாமனாரும் அப்போதுதான் கேரியரோடு வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, ஐஸ்கட்டியை முதலில் நடுவிரலில் வைத்தார். ஜில்லென்றிருந்தது, வேறொன்றுமில்லை. மோதிர விரலில் வைத்தார். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைக் கடித்தேன். உடனே எடுத்துவிட்டு வெந்நீர்த் துணியால் விரலைச் சுற்றினார். வலி இறங்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"இது இன்னைக்கு வந்ததில்ல. ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானே?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப தெனம் விடியக்காலம் எப்படிம்மா அந்தத் தண்ணில கைய வச்சீங்க?"

"வெந்நீர் கலந்துப்பேன்" என்றேன். ஜோடிக்க எனக்குத் தெம்பு இல்லை. "அண்டாவுலேர்ந்து எடுத்து, யாருக்கும் தெரியாம, நான்தான் கலந்துப்பேன்."

டாக்டருக்கு அது ஒரு தகவல். தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மாமனார் கேரியரைக் கீழே வைத்தார். அவர் தவலையைப் பற்றிக் கேட்கவில்லை, பெருமாளைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ அஞ்சலை?" என்றார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கேரியர் மட்டும் இருந்தது.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒன்றுமே இல்லை. விரலடியில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தம் வராமல் ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டி, நகத்தை எடுத்துவிட்டு அடியில் கீறினார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். ஜவ்வரிசி அளவுக்கு, கருஞ்சிவப்பும் சாம்பலுமாக ஒன்று கிடந்தது. அத்தனை வருஷம் என்னை ஆட்டிவைத்தது அதுதான்.

"எல்லாருக்கும் விரல் நுனியில சின்னச் சின்ன ரத்தக்குழாய் முடிச்சு இருக்கும்மா. குளிர்ல ரத்தத்தை மூடும், சூட்டுல திறந்துவிடும். உங்களுக்கு அதுல ஒண்ணு அளவுக்கு மீறி வளர்ந்துபோச்சு. நகத்துக்கும் எலும்புக்கும் நடுவுல இடமில்லாம எலும்பையே குழிச்சிருக்கு. நரம்பு நிறைய உள்ள இடம், அதான் உயிர் போற வலி. புத்து இல்ல, பரவாது. குளோமஸ் கட்டின்னு பேரு" என்றார் டாக்டர். விரல் நுனி பிழைத்தது. "குளிர் பத்தி முதல் நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றும் சொன்னார், கோபமில்லாமல். அந்தத் துணுக்கைப் புட்டியில் போட்டு மதராஸுக்கு அனுப்பினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து அதேதான் என்று எழுதிவந்தது.

படிக்கிறவர்களுக்கு அவர் சொன்ன மூன்று அடையாளங்களையும் எழுதிவிடுகிறேன். விட்டு விட்டு வரும் கடுமையான வலி. ஊசித்தலையால் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே இடம். குளிர் பட்டால் தாங்க முடியாமை. இந்த மூன்றும் இருந்தால் பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

நாலு நாள் மாமனார் வரவில்லை. சாப்பாடு மட்டும் என் கணவர் கையில் வந்தது. ஐந்தாம் நாள் வந்து, கட்டிலுக்கு எதிரே நின்றார்.

"அஞ்சலையைத் தேடிண்டு போனேன். கொள்ளிடக்கரையில இல்லே. பாலக்கரையில ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் தேய்க்கறாளாம். அங்கே போய்ப் பார்த்தேன்."

"என்ன சொன்னா அப்பா?"

"நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டு வந்துட்டேன். நீ சொல்ல வேண்டியதை நீ போய்ச் சொல்லு."

"பெருமாளுக்கு நான் பண்ணினது..."

"அதை நான் பார்த்துக்கறேன். நீ அவளைப் பாரு" என்றார்.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாலக்கரைக்குப் போனேன். என் கணவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சாக்கடையோரம் சிமெண்ட் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எச்சில் பாத்திரங்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அஞ்சலை, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமேம்மா."

"நீ என்னைக் காட்டிக் கொடுக்காம போனே பாரு, அதை நெனைச்சு நெனைச்சு..."

அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"யாரும்மா அப்படிச் சொன்னது? நான் சொன்னேனே. நீங்க உள்ள போயிட்டீங்க. பெரியவர்கிட்ட மூணு தடவை சொன்னேன், அம்மாவுக்கு விரலு வலி, அவங்கதான் கலந்தாங்கன்னு. 'எங்காத்துப் பொண்ணு பொய் சொல்ல மாட்டா'ன்னுட்டாரு."

தெருவில் ஒரு ஜட்கா போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன், சொன்னேன்.

"வேணாம்மா. இங்க ஒரு சாமான் காணலைன்னா எல்லாரையும்தான் கேப்பாங்க. என்னை மட்டும் கேக்க மாட்டாங்க." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "விரலைக் காட்டுங்க."

காட்டினேன். நகம் இன்னும் முளைக்கவில்லை. தொடாமல், குனிந்து பார்த்தாள்.

"இப்ப பச்சைத் தண்ணில வச்சா வலிக்கலையா?"

"வலிக்கலை அஞ்சலை" என்றேன்.

"நல்லதும்மா. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கையை மறுபடி தொட்டிக்குள் விட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.